ஒண்ணும் வளரல

எங்கிட்ட ஒரு பழைய ஃபைல் இருக்கு, ஓரமெல்லாம் கிழிஞ்சு ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருக்கேன். அதுக்குள்ள 11 யூரின் கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது யூரின்ல கிருமி வளருதான்னு லேப்ல பாக்கற டெஸ்ட். மொத ரெண்டுல ஈ.கோலைன்னு கிருமி பேரு போட்டிருக்கும், மிச்சம் 9லயும் ஒரே வரிதான், கிருமி எதுவும் வளரலன்னு. கூத்து என்னன்னா அந்த 9 தடவையும் நான் ஆன்ட்டிபயாட்டிக் முழுங்கியிருக்கேன். கல்ச்சர் ரிசல்ட் வர ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் அந்த மூத்திரப்பை வலிய வெச்சுக்கிட்டு யாரு உக்காந்திருப்பா, டாக்டர் எழுதிக் குடுத்துடுவாரு, நானும் ஆரம்பிச்சிடுவேன், மூணாவது நாள் வலி கொறைஞ்சிடும், ரிப்போர்ட் வாங்கப் போனாலும் பிரிச்சுப் பாக்காம ஃபைல்ல சொருகிடுவேன். மாத்திரைதான் கேட்டுச்சுன்னு நானும் நம்பினேன், எழுதினவரும் நம்பினாரு. இப்படியே நாலு வருஷம் ஓடிப்போச்சு.

இந்த வலி அதுவா ஏறும் அதுவா எறங்கும்ங்கறது அப்ப எனக்குத் தெரியாது. ஏறி உச்சத்துல நிக்கும்போது மாத்திரை போட்டா, எறங்கும்போது அந்தப் பேரு மாத்திரைக்குப் போயிடும். போதாததுக்கு, மாத்திரை போடறோம்னு அந்த ரெண்டு நாளும் தண்ணிய நெறைய குடிப்போம், ரெஸ்ட் எடுப்போம், காபிய விட்டுடுவோம். எது கேட்டுச்சுன்னு யாருக்குத் தெரியும்.

நீர்க்கடுப்புன்னு சொல்றோம்ல, அதுல எனக்கு வந்தது அடங்காது. நீர்க்கடுப்புன்னா போகும்போது எரியும், சுருக்குன்னு இருக்கும். எனக்கு அப்படியே தலைகீழ், போகும்போது நிம்மதி, பை ரொம்பும்போதுதான் வலி. அடிவயித்துல எலும்புக்கு மேல யாரோ கட்டவிரல வெச்சு அழுத்திட்டே இருக்கற மாதிரி ஆரம்பிக்கும், அப்புறம் அதுவே சூடு ஏறி ஊசி மாதிரி ஆகும், பாத்ரூம் போனா ஒரு பத்து நிமிஷம் அடங்கும், திரும்ப மொதல்லருந்து. கடுப்புக்கு வலின்னும் அர்த்தம், கோவம்னும் அர்த்தம். அந்த ரெண்டாவது அர்த்தத்துலதான் எனக்கு அந்த வார்த்தை சரியாப் பொருந்துச்சு.

நாலாவதா பாத்த யூராலஜிஸ்ட் ஒரு அம்மா. ஃபைல வாங்கி ரிப்போர்ட்ட எல்லாம் மேஜை மேல சீட்டுக்கட்டு மாதிரி வரிசையா பரப்புனாங்க. கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "இதுல இன்ஃபெக்ஷன் எங்கம்மா இருக்கு? ரெண்டுதான் நெஜம், மிச்சத்துக்கெல்லாம் நீங்க சும்மா மருந்து சாப்பிட்டிருக்கீங்க"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. அப்ப என்ன டாக்டர், எல்லாம் என் மனசுலயான்னு கேட்டேன். "மனசுன்னு நான் சொல்லவே இல்லையே. கிருமி இல்லன்னுதான் சொன்னேன், நோய் இல்லன்னு சொல்லல"ன்னாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த சொல்ல ஒருத்தர் கெடைக்க நாலு வருஷம்.

பேரு இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ். இப்ப ப்ளாடர் பெயின் சிண்ட்ரோம்னும் சேத்து சொல்றாங்க, சுருக்கமா ஐசி. இத உறுதி பண்ண தனியா ஒரு டெஸ்ட் கெடையாது, அதான் பெரிய தலைவலி. மூத்திரப்பைலருந்து வர்ற மாதிரி தோணுற வலி, இல்ல அழுத்தம், அதோட அடிக்கடி போகணும்ங்கற அவசரம், இது 6 வாரத்துக்கு மேல இருக்கணும், இன்ஃபெக்ஷன் இல்ல வேற காரணமும் இல்லன்னு ஒவ்வொண்ணா தள்ளிட்டு வரணும், கடைசில மிஞ்சறது இது. கல்லா, டிபியா, எண்டோமெட்ரியோசிஸா (கர்ப்பப்பையோட உள்படலம் மாதிரி திசு வெளிய வளர்றது), கேன்சரான்னு பாப்பாங்க. யூரின்ல ரத்தம் இருந்தாலோ சிகரெட் பழக்கம் இருந்தாலோ அந்த கேன்சர் டெஸ்ட்ட தள்ளிப்போடவே கூடாது. ஓவராக்டிவ் ப்ளாடர்னு ஒண்ணு இருக்கு, அதுலயும் ஓடுவாங்க, ஆனா அவங்க ஓடறது லீக் ஆயிடுமோன்னு, நாங்க ஓடறது வலி தாங்காம. ஆம்பளைங்களுக்கும் வரும், ஆனா அவங்களுக்கு ப்ராஸ்டடைட்டிஸ், அதாவது ப்ராஸ்டேட் சுரப்பில வீக்கம்னு முத்திரை குத்தி அனுப்பிடறது சகஜம், அவங்க கதையும் ஆன்ட்டிபயாட்டிக்லயே ஓடும்.

அந்த டாக்டர் மொதல்ல மருந்து எழுதல, ஒரு வேலை குடுத்தாங்க. அளவு போட்ட ஒரு ப்ளாஸ்டிக் ஜக் வாங்கி, மூணு நாளைக்கு ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகுதுன்னு அளந்து மணியோட எழுதிட்டு வரணும், ராத்திரியும் சேத்து. அருவருப்பாதான் இருந்துச்சு, எழுதினேன். காலைல 6.10க்கு 110 மில்லி, 6.45க்கு 50, 7.20க்கு 60. ராத்திரி 2.35க்கு 40, 3.05க்கு 30, அதுக்குப் பக்கத்துல என் கையெழுத்து கோணலா லைன தாண்டிப் போகுது, பாதித் தூக்கத்துல எழுதினது. மொத நாள் 27 தடவை, மொத்தம் 1,700 மில்லி. வகுத்துப் பாருங்க, ஒரு தடவைக்கு 63. சாதாரணமா ஒருத்தருக்கு 150, 200 சேந்தாத்தான் மொத உணர்வே வரும், 400, 500 வரைக்கும் பை தாங்கும், பகல்ல ஏழு எட்டு தடவை போனாலே ஜாஸ்தின்னு சொல்றாங்க. நான் அரை டம்ளர் கூட சேர விடாம ஓடிட்டு இருந்திருக்கேன். "எப்பப் பாத்தாலும் பாத்ரூம் பாத்ரூம்"னு வீட்ல சொல்லும்போது கோவம் வரும், ஆனா அந்த நோட்ட பாத்தப்புறம் எனக்கே என் மேல பாவமா இருந்துச்சு.

ஏன் வருதுன்னு கேட்டா ஒரே பதில் இல்ல. ரொம்பப் பேரு நம்பற ஒண்ணு, பையோட உள்பக்கம் இருக்கற பூச்சு கெட்டுப்போறது. ஈயம் பூசின பாத்திரம் மாதிரின்னு வெச்சுக்கோங்க, பூச்சு இருக்கற வரைக்கும் உள்ள புளிப்பு ஊத்தினாலும் பாத்திரத்துக்கு ஒண்ணும் ஆகாது, போச்சுன்னா உலோகமே பேச ஆரம்பிச்சிடும். பைக்குள்ள ஜிஏஜின்னு ஒரு வழவழப்பான படலம் அந்த வேலைய செய்யுது. அது எங்கயாவது தேஞ்சா யூரின்ல இருக்கற பொட்டாசியம் மாதிரி உப்புங்க கீழ எறங்கி நரம்ப சீண்டும், அங்க மாஸ்ட் செல்னு இருக்கற அலர்ஜி சமாச்சார செல்லுங்க ஹிஸ்டமைன கொட்டும், அது இன்னும் சீண்டும். இது மாசக்கணக்கா நடந்தா தண்டுவடமும் மூளையும் சத்தத்த கூட்டி வெச்சுக்கும், அப்புறம் கொஞ்சம் ரொம்பினாலே முழுசா ரொம்பிடுச்சுன்னு அலாரம். ஆனா எல்லாருக்கும் இதே கதைன்னு சொல்ல முடியாது, என்னக் கேட்டா ஒரே பேருல நாலஞ்சு வேற வேற நோய போட்டு வெச்சிருக்காங்கன்னுதான் தோணுது. மைக்ரேன், குடல் எரிச்சல் நோய்னு சொல்ற ஐபிஎஸ், உடம்பெல்லாம் வலிக்கற ஃபைப்ரோமையால்ஜியா, இதெல்லாம் கூட சேந்து வர்றது ஜாஸ்தி. எனக்கு மைக்ரேன் இருபது வயசுலருந்து இருக்கு, ரெண்டும் பங்காளிங்கன்னு யாரும் சொல்லல.

சிஸ்டோஸ்கோப்பி, அதாவது பைக்குள்ள கேமரா குழாய விட்டுப் பாக்கறது, எல்லாருக்கும் அவசியம்னு இல்ல, எனக்கு சந்தேகம் தீரட்டும்னு பண்ணாங்க. அதுல தேடறது ஹன்னர் லீஷன்னு ஒரு செவப்புத் திட்டு, பை விரியும்போது வெடிச்சு ரத்தம் கசியும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல இருந்த கை ஹன்னர்ங்கற டாக்டர் 1915ல இதப்பத்தி எழுதினாரு. அதுக்கு முன்னாடி 1887லயே ஸ்கீன்ங்கறவரு இந்த இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ்ங்கற பேர புழங்கியிருக்காரு. ஆக இது புதுசா மொளச்ச வியாதி ஒண்ணும் இல்ல. அந்தத் திட்டு இருக்கறவங்க கொஞ்சம் பேருதான், ஆனா இருந்துச்சுன்னா அவங்களுக்கு ஒரு வகைல வழி இருக்கு, அத சுட்டு எடுக்கலாம், அதுக்குள்ளயே ஸ்டீராய்டு ஊசி போடலாம், நல்லாவே கேக்கும். எனக்கு இல்ல. சுத்தமா இருக்குன்னு சொன்னப்ப நான் சந்தோஷப்பட்டிருக்கணும், உண்மையச் சொன்னா ஏமாத்தமா இருந்துச்சு. ஒரு புண்ணாவது இருந்திருந்தா ஃபோட்டோ எடுத்து எல்லார்ட்டயும் காட்டியிருக்கலாம்னு ஒரு நெனப்பு.

இந்த "காட்ட ஒண்ணும் இல்ல"ங்கறது பெரிய இடத்துலயே ஆட்டம் காட்டியிருக்கு. 1980கள் கடைசில அமெரிக்க அரசோட என்ஐடிடிகேங்கற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், யாருக்கு ஐசி இருக்குன்னு ஆராய்ச்சிக்காக கறாரா ஒரு விதி போட்டாங்க. அது ஆராய்ச்சிக்கு மட்டும்தான், ஆனா டாக்டருங்க அதையே கைல வெச்சுக்கிட்டு பேஷண்ட்ட பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. பின்னாடி கணக்குப் போட்டா, அனுபவமுள்ள டாக்டருங்க ஐசின்னு சொல்ற பேஷண்ட்ல 60 சதவீதத்துக்கு மேல அந்த விதில சேரவே மாட்டேங்கறாங்க. 2011ல அமெரிக்கால ராண்ட் நிறுவனம் பண்ண சர்வேல, பெண்கள்ல 2.7லருந்து 6.5 சதவீதம் பேருக்கு இந்த அறிகுறி இருக்குன்னு வந்துச்சு, அதுல கொஞ்சம் பேருகிட்டதான் நோயோட பேரு சொல்லப்பட்டிருக்கு. மிச்சவங்ககிட்டயும் என்னைய மாதிரி ஒரு ஃபைல் இருக்கும்னு நெனைக்கறேன்.

சரி, பேரு தெரிஞ்சப்புறம் நான் பண்ண கிறுக்குத்தனத்துக்கு வர்றேன்.

மொதல்ல சாப்பாடு. நெட்ல தேடினா சாப்பிடக்கூடாத லிஸ்ட் கொட்டுது. நான் எல்லா லிஸ்ட்டையும் கூட்டி ஒரே லிஸ்ட்டாக்கி ஒரே நாள்ல நாப்பது அயிட்டத்த நிறுத்தினேன். மூணு மாசத்துல ஆறு கிலோ எறங்கிட்டேன், தட்ட பாத்தாலே பயம். அம்மா ஃபோன்ல, "ஏண்டி, வியாதியால மெலிஞ்சியா பட்டினியால மெலிஞ்சியா?"ன்னாங்க, கரெக்ட்டான கேள்வி. சரியான வழி என்னன்னா, பேரு போன ஆளுங்கள மட்டும், அதாவது காபி, டீ, எலுமிச்சை ஆரஞ்சு ஜாதி, தக்காளி, சோடா, மது, செயற்கை இனிப்பு, அதிக காரம், இத ரெண்டு மூணு வாரம் நிறுத்திட்டு, அப்புறம் ஒண்ணொண்ணா, நடுவுல சில நாள் எடைவெளி விட்டு திரும்ப சேத்துப் பாக்கணும். எனக்கு மாட்டினது மூணே மூணு, காபி, ஆரஞ்சு, அப்புறம் சர்க்கரை இல்லாத சூயிங்கம். சூயிங்கம் மேல சந்தேகமே வந்ததில்ல, ஆஃபீஸ்ல நாளைக்கு நாலஞ்சு மென்னுட்டு இருந்தேன். தக்காளி ஒண்ணும் பண்ணல, ஆனா அதே தக்காளி இன்னொருத்தர புரட்டிப் போடும், அதனால என் லிஸ்ட்ட காப்பி அடிக்காதீங்க. இன்னொண்ணு, யூரின் பிரச்சனைன்னு வாய் தொறந்தாலே க்ரான்பெர்ரி ஜூஸ் குடின்னு ஒருத்தர் சொல்லுவாங்க. அது இன்ஃபெக்ஷன் வராம தடுக்கறதுக்குன்னு சொல்றது, எங்களுக்கு அந்தப் புளிப்பு நெருப்புல எண்ணெய். விட்டமின் சி மாத்திரையும் அப்படித்தான்.

ரெண்டாவது தண்ணி. அடிக்கடி போகுதேன்னு தண்ணிய கொறைச்சேன், யாருக்கா இருந்தாலும் அதான் தோணும். கொறைச்சா யூரின் கெட்டியாகும், கெட்டியானா இன்னும் குத்தும். இப்ப ஒரேயடியா குடிக்காம நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா.

மூணாவதுதான் பெரிய தப்பு. மூத்திரப்பை வீக்கா இருந்தா கீகல் எக்ஸர்சைஸ் பண்ணுங்கன்னு எங்கயோ வீடியோ பாத்தேன், இடுப்புக்கு அடில இருக்கற தசைய இறுக்கி இறுக்கி விடறது. சின்சியரா ரெண்டு மாசம், காலைல சாயங்காலம். வலி ரெண்டு மடங்காச்சு, உக்காரவே முடியல, சேர்ல ஒரு பக்கமா சாஞ்சுதான் உக்காருவேன். டாக்டர் ஒரு பெல்விக் ஃப்ளோர் ஃபிஸியோகிட்ட அனுப்பினாங்க. அவங்க செக் பண்ணிட்டு, "மேடம், உங்க தசை வீக்கா இல்ல, முஷ்டி மாதிரி மூடிக்கிட்டு இருக்கு, நீங்க மேல மேல இறுக்கிட்டு இருந்திருக்கீங்க"ன்னாங்க. வருஷக்கணக்கா வலிக்கு பயந்து, அடக்கி, கெட்டியா புடிச்சு புடிச்சு அந்தத் தசைக்கு விடவே தெரியாம போயிருக்கு, இப்ப பையோட வலி பாதி தசையோட வலி பாதி. அந்த அம்மா விரலால ஒரு எடத்துல லேசா அழுத்தினாங்க, அச்சு அசலா என்னோட ப்ளாடர் வலி, அதே சூடு அதே ஊசி. ஆனா அவங்க விரல் இருந்தது ப்ளாடர் மேலயே இல்ல. அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதையேதான் யோசிச்சுட்டு வந்தேன்.

அமெரிக்கன் யூராலஜிக்கல் அசோசியேஷனோட வழிகாட்டிலயே எழுதியிருக்கு, ஐசிகாரங்க இந்த இறுக்கற பயிற்சிய தவிர்க்கணும், தசைய தளத்திவிடற ஃபிஸியோதான் வேணும்னு. 2012ல வந்த ஒரு ஆய்வுல, இப்படி தசை முடிச்ச எறக்கற ஃபிஸியோ எடுத்த பெண்கள்ல 59 சதவீதம் பேரு நல்ல முன்னேத்தம்னு சொன்னாங்க, சும்மா உடம்பு முழுக்க மசாஜ் பண்ணவங்கள்ல 26. எனக்கு சொல்லிக் குடுத்தது ரொம்ப சிம்பிள். மல்லாக்க படுத்து முட்டிய மடக்கி, மூச்ச வயித்துக்குள்ள எறக்கி, எறங்கும்போது கீழ இருக்கற தசையும் பூ மாதிரி கீழ விரியறதா நெனைக்கணும். தாடைய கடிச்சிட்டு இருந்தா கீழயும் விடாதுங்கறாங்க, எனக்கு அது நெஜமாவே தெரியுது, இத டைப் பண்ணும்போது கூட ஒரு தடவ வாய தொறந்து மூடிக்கிட்டேன்.

அதோட பைக்கு ட்ரெய்னிங். எங்க போனாலும் "எதுக்கும் ஒரு தடவ போயிட்டு வந்துடறேன்"னு போவோம்ல, அத விடணும். வலி அடங்கியிருக்கற நாள்ல மட்டும், அரை மணிக்கு ஒரு தடவ போறவங்க பத்து பதினஞ்சு நிமிஷம் தள்ளிப் பாக்கணும், ஒரு வாரம் அங்கயே நின்னுட்டு அப்புறம் இன்னும் கொஞ்சம். வலி இருக்கும்போது வீம்புக்கு அடக்கினா தசைதான் இறுகும். எனக்கு அரை மணிலருந்து ரெண்டு மணி நேரத்துக்கு வர எட்டு மாசம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவ மொதல் படிக்கே வந்துட்டேன்.

மருந்து இல்லாம இல்ல. எனக்கு அமிட்ரிப்டிலின், ராத்திரி 10 மில்லிகிராம். பழைய டிப்ரஷன் மாத்திரைன்னு மருந்துக்கடைல ஒரு மாதிரி பாப்பாங்க, இந்த டோஸ் நரம்பு வலிக்கு. வாய் காஞ்சு போகும், காலைல தலை கனக்கும், மலச்சிக்கல் வரும், மலச்சிக்கல் வந்தா இடுப்புத் தசை திரும்ப இறுகும், அதையும் சேத்துதான் பாத்துக்கணும். அப்புறம் பென்டோசான். ஐசிக்குன்னு அமெரிக்காவோட மருந்து அனுமதி அமைப்பு எஃப்டிஏ 1996ல ஒத்துக்கிட்ட வாய்வழி மருந்து இது ஒண்ணுதான், தேஞ்ச பூச்ச திரும்பக் கட்டும்ங்கற எண்ணத்துல குடுக்கறது. ஆனா வருஷக்கணக்கா சாப்பிட்டவங்களுக்கு கண்ணோட விழித்திரைல நிறமாத்தம் வந்து பார்வை பாதிக்குதுன்னு 2018ல தெரிய வந்துச்சு, 2020ல லேபிள்லயே எச்சரிக்கை சேத்துட்டாங்க. சாப்பிடறவங்க மொதல்லயே கண்ண செக் பண்ணிட்டு, அப்பப்பவும் காட்டிக்கணும். கத்தீட்டர்ங்கற மெல்லிசு குழாய் வழியா பைக்குள்ளயே மருந்து விடறதும் உண்டு, டிஎம்எஸ்ஓங்கற மருந்து 1978லருந்து இருக்கு, போட்டுக்கிட்ட அன்னிக்கு மேலெல்லாம் பூண்டு வாசனை அடிக்கும். எனக்கு அது இல்ல, லிடோகெயினும் ஹெப்பாரினும் கலந்து ஆறு தடவை விட்டாங்க, மொத ரெண்டு தடவை பிரயோஜனம் இல்ல, அப்புறம் நல்லா இருந்துச்சு. போடாக்ஸ், நரம்புக்கு கரண்ட் குடுக்கற கருவின்னு அதுக்கு மேலயும் இருக்கு, அது எனக்குத் தேவைப்படல. முன்னாடி ஒண்ணு கேக்கலன்னா அடுத்ததுன்னு படிப்படியா போகச் சொல்வாங்க, 2022லருந்து அந்த அமெரிக்க வழிகாட்டில அந்த ஏணிய எடுத்துட்டு, ஆளுக்குத் தகுந்த மாதிரி எதையும் எதோடயும் சேக்கலாம்ங்கறாங்க. நீண்ட நாள் ஆன்ட்டிபயாட்டிக் மட்டும் கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கு. அத படிச்சிட்டு என் ஃபைல ஒரு தடவ பாத்தேன்.

வீட்டுக்காரர்ட்ட பேசறதுதான் இதெல்லாத்தையும் விட கஷ்டமா இருந்துச்சு. உறவு வெச்சுக்கிட்டா அடுத்த ரெண்டு நாள் வலி, அத சொல்லாம தலைவலி தூக்கம்னு தட்டிக் கழிச்சு, அவரு அத வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டு, ஒரு வருஷம் ஆளுக்கொரு மூலைல. கடைசில அந்த அளவு நோட்டத்தான் எடுத்துக் குடுத்தேன். ராத்திரி 2.35, 3.05ங்கற பக்கத்துல நிறுத்திட்டு, "தினமும் இப்படியா?"ன்னாரு. ஆமாங்கன்னேன். அதுக்கு மேல விளக்கமா பேச எங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு.

இப்பவும் ஃபிளேர், அதாவது வலி திடீர்னு ஏறறது, வரும், பீரியட்ஸுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி, இல்ல ரெண்டு நாள் தூக்கம் கெட்டா. வந்தா அடிவயித்துல ஹாட் பேக், தளர்வான பேன்ட், தண்ணி, மூச்சு. அதோட ஒரு விதி வெச்சிருக்கேன், டாக்டரோட பேசி வெச்சது: சேம்பிள் குடுத்துட்டுதான் மாத்திரையப் பத்தி பேச்சு, ரிசல்ட் வராம ஆன்ட்டிபயாட்டிக் கெடையாது. காய்ச்சல், குளிர், விலாப்பக்கம் வலி, ரத்தம், இதுல எது இருந்தாலும் இந்த விதி செல்லாது, நேரா டாக்டர்.

போன மாசம் ஒரு நாள் காலைல வலி, ஆனா கொஞ்சம் வேற மாதிரி. ரொம்பும்போது இல்ல, போகும்போது எரியுது, கலங்கலாவும் இருந்துச்சு. சேம்பிள் குடுத்துட்டு ரெண்டு நாள் ஹாட் பேக்கோட ஓட்டினேன். லேப்ல இருந்த தம்பிக்கு என்னைய நல்லாத் தெரியும், கவர நீட்டும்போதே, "அக்கா, இந்தத் தடவ வளந்திருக்கு"ன்னான். ஈ.கோலை, பேரு போட்டு, எந்த மருந்துக்கு கேக்கும்னு கீழ லிஸ்ட் போட்டு. அங்கயே நின்னு முழுசா படிச்சேன். அஞ்சு நாள் மாத்திரை, சரியாப் போச்சு. ஃபைல்ல இப்ப 12.